பேக்கப் சிடியும் ரெக்கவரி சிடியும் (மேற்கு மாம்பலம், சென்னை)

வீட்டுக் கணினியின் ஹார்ட் டிஸ்க் பழுதானாலோ வைரஸால் அழிந்தாலோ அதைத் திரும்ப வேலைக்குக் கொண்டுவர, முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளும் சிடி, டிவிடிகள் இருவகைப்படும். விண்டோஸையும் டிரைவர் மென்பொருள்களையும் மறுபடி நிறுவி, கணினியை வாங்கி வந்த அன்றிருந்த நிலைக்குத் திருப்புவது ரெக்கவரி சிடி. வீட்டார் சேர்த்து வைத்த படங்கள், பாட்டுகள், கடிதங்கள், கணக்குகள் ஆகியவற்றின் நகல் பேக்கப் சிடி. பேச்சில் இரண்டும் ஒன்றாகவே புழங்கின. பல வீடுகளில் கணினி பிழைத்துக் குடும்பத்தின் படங்கள் போனதற்கு இந்த மயக்கமே முதற்காரணம் என்று சொல்லலாம்.

சென்னையில் இந்த வரலாற்றைத் தொடர மேற்கு மாம்பலம் பொருத்தமான இடம். மாம்பலம் ரயில் நிலையத்துக்கு மேற்கே, ஆரிய கவுடா சாலை, லேக் வியூ சாலை, போஸ்டல் காலனி என்று விரியும் இந்த நடுத்தர வர்க்கக் குடியிருப்பில், வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்கள் அதிகம். மின்னஞ்சலுக்காகவும் பேரப்பிள்ளைகளின் படங்களுக்காகவும் இங்கே வீட்டுக்குள் கணினி சீக்கிரமே நுழைந்தது. கல்யாணப் பத்திரிகை அச்சிடும் டிடிபி கடைகளும் அருகிலேயே இருந்தன.

பிளாப்பியிலிருந்து சிடிக்கு

15 ஆகஸ்ட் 1995 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு தரத் தொடங்கியது. அதையடுத்த ஆண்டுகளில் வாங்கப்பட்ட கணினிகளில் பெரும்பாலானவை ‘அசெம்பிள்டு’ பெட்டிகள். மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி தெருவில் உதிரிகளாக வாங்கிப் பூட்டியவை. எச்சிஎல் பீன்ஸ்டாக் போன்ற நிறுவனத் தயாரிப்புகளை வாங்கியவர்களும் உண்டு. வேறுபாடு, கெட்டுப்போனபோதுதான் தெரிந்தது. நிறுவனக் கணினியோடு அதற்கே உரிய சிடி வந்தது. அசெம்பிள்டு கணினிக்கு, சர்வீஸுக்கு வருபவர் பையில் கொண்டுவரும் சிடிதான் கதி.

அன்று பேக்கப் எடுக்க இருந்தது 1.44 எம்பி பிளாப்பி. 4.3 ஜிபி ஹார்ட் டிஸ்க் முழுவதையும் அதில் நகலெடுக்க ஏறக்குறைய 3,000 பிளாப்பிகள் வேண்டும். ஆகவே ஒருவரும் முழுதாக எடுக்கவில்லை; வேர்டு கோப்புகளையும் டாலி கணக்கையும் மட்டும் எடுத்தார்கள். விண்டோஸ் 98 நிறுவும்போது தயாரித்துக்கொள்ளும் ‘ஸ்டார்ட்-அப் டிஸ்க்’ என்ற பிளாப்பி, ஹார்ட் டிஸ்க் இல்லாமலே கணினியை டாஸில் எழுப்பி, சிடி டிரைவையும் படிக்க வைக்கும். வீட்டுக் கணினியின் முதல் மீட்புக் கருவி அதுதான்.

26 ஏப்ரல் 1999 அன்று சிஐஎச் வைரஸ் விழித்துக்கொண்டபோது இந்தியாவிலும் ஏராளமான கணினிகள் முடங்கின. தைவான் மாணவர் ஒருவர் எழுதிய அந்த வைரஸ், ஹார்ட் டிஸ்க்கின் முதல் பகுதியைச் சுழியங்களால் அழித்தது. சில கணினிகளில் மதர்போர்டின் பயாஸையும் கெடுத்தது. பயாஸ் போன கணினியை எந்த பிளாப்பியாலும் எழுப்ப முடியாது. தகவலின் நகல் கணினிக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதை வீட்டுப் பயனர்களுக்கு இதைவிட அழுத்தமாக உணர்த்திய நிகழ்வு அந்தப் பத்தாண்டில் வேறில்லை.

எழுதக்கூடிய சிடிக்கான தரநிலையை ஃபிலிப்ஸும் சோனியும் 1988-இலேயே வகுத்திருந்தன. சிடியிலிருந்து நேரடியாகக் கணினியை எழுப்பும் ‘எல் டொரிட்டோ’ முறையை ஃபீனிக்ஸ், ஐபிஎம் நிறுவனங்கள் 1995-இல் வெளியிட்டன. இவ்விரண்டும் சேர்ந்ததில்தான் ரெக்கவரி சிடி பிறந்தது. பயாஸில் ‘பூட்’ வரிசையை மாற்றி சிடியை முதலில் வைத்தால் போதும். மூன்றாவது துணை, நார்ட்டன் கோஸ்ட். நியூசிலாந்தில் எழுதப்பட்டு 1998-இல் சிமாண்டெக் வசம் போன இந்த மென்பொருள், சி டிரைவை அப்படியே சுருக்கி ஒரே கோப்பாக்கியது. விண்டோஸையும் மென்பொருள்களையும் மறுபடி நிறுவ அரைநாள் பிடிக்கும். கோஸ்ட் கோப்பு இருந்தால் சில நிமிடங்கள். சர்வீஸ்காரர்கள் பேச்சில் ‘கோஸ்ட் போடுவது’ ஒரு வினையாகவே ஆயிற்று.

டெல்லியில் 1983-இல் தொடங்கிய மோசர் பேயர் நிறுவனம், பிளாப்பித் தயாரிப்பிலிருந்து 1999-இல் எழுதக்கூடிய சிடிக்கு மாறியது. நொய்டாவில் உருவான அதன் சிடிகள், பின்னர் டிவிடிகள், சென்னைக் கடைகளில் தாராளமாகக் கிடைத்தன. சிடி ரைட்டரும் வீட்டுக்கு எட்டும் விலைக்கு இறங்கியதால், 650 அல்லது 700 எம்பி கொண்ட சிடியும் 4.7 ஜிபி கொண்ட டிவிடியும் வீட்டு ஆவணக் காப்பகமாயின.

சி டிரைவும் டி டிரைவும்

ஹார்ட் டிஸ்க்கை சி, டி, இ என்று பிரித்துத் தருவது சென்னை அசெம்பிளர்களின் வழக்கம். விண்டோஸ் சி-யில், சொந்தக் கோப்புகள் டி-யில். சி-யை ஃபார்மட் செய்தாலும் டி தப்பிக்கும் என்ற ஏற்பாடு வைரஸுக்குப் பொருத்தமானது. ஹார்ட் டிஸ்க்கே கெட்டால் பயனில்லை. ஏனெனில் இரண்டும் ஒரே வட்டின் பகுதிகள். இதைப் பலர் அறியவில்லை.

2000-க்குப் பின் எச்பி, காம்பாக் போன்ற நிறுவனங்கள் தனி சிடி தருவதைக் குறைத்து, மீட்புக் கோப்புகளை ஹார்ட் டிஸ்க்கிலேயே மறைவான பகுதியில் வைத்தன. வாங்கியவரே அதிலிருந்து மூன்று நான்கு டிவிடிகள் எழுதிக்கொள்ள வேண்டும். எச்பி கணினிகளில் ஒரே ஒரு தொகுப்புதான் எழுத முடிந்தது. திரையில் தோன்றும் அந்த நினைவூட்டலைப் ‘பிறகு’ என்று மூடியவர்களே மிகுதி. எழுதியவர்களுக்கும் ஓர் ஆபத்து காத்திருந்தது: பல நிறுவன ரெக்கவரி டிவிடிகள் வட்டு முழுவதையும் அழித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். டி டிரைவும் போய்விடும். கணினி புதிதாக எழுந்துவிடும். பேரனின் முதல் பிறந்தநாள் படம் இருக்காது.

மைக்ரோசாஃப்டின் சொந்தக் கருவிகளும் வீட்டுப் பயனருக்கு நெடுநாள் உதவவில்லை. விண்டோஸ் எக்ஸ்பியின் ஹோம் பதிப்பில் பேக்கப் மென்பொருள் தானாக நிறுவப்படாது. சிடியின் உள்ளடுக்கில் தேடி எடுக்க வேண்டும். அப்படி எடுத்தாலும் அது நேரடியாக சிடியில் எழுதாது. 2009 அக்டோபரில் வந்த விண்டோஸ் 7-தான் வட்டு முழுவதன் பிம்பத்தையும் ‘சிஸ்டம் ரிப்பேர் டிஸ்க்’ என்ற ஒற்றை சிடியையும் வீட்டுப் பதிப்புகளிலேயே தயாரிக்க வழிசெய்தது. அந்தச் சிடியில் விண்டோஸ் இராது. பழுதுபார்க்கும் கருவிகள் மட்டுமே இருக்கும். முன்பே எடுத்த பிம்பத்தை மீட்க அது உதவும். பிம்பம் எடுக்காதவருக்குப் பெரிதாகப் பயன்படாது.

எழுதும் வேலைக்கும் ஒழுங்கு தேவைப்பட்டது. பாதியில் மின்சாரம் போனால் சிடி பெரும்பாலும் வீண். 2012-இல் சென்னையில் நாளுக்கு 2 மணி நேரம் அறிவிக்கப்பட்ட மின்வெட்டு இருந்ததால், யுபிஎஸ் இல்லாத வீடுகளில் அந்த நேரம் கடந்த பிறகே ரைட்டரைத் தொட முடிந்தது. வேகத்தைக் குறைத்து எழுதுவதும், எழுதி முடித்ததும் ‘வெரிஃபை’ செய்வதும் அறிந்தவர் பழக்கம். இணையத்தில் ஏற்றிவைக்கும் வழி தொடக்க ஆண்டுகளில் நடைமுறையில் இல்லை. 2005-இல் பிஎஸ்என்எல் பிராட்பேண்டின் 256 கேபிபிஎஸ் வேகத்தில் ஒரு டிவிடி அளவுத் தகவல் பயணிக்க 40 மணி நேரத்துக்கு மேலாகும்.

எழுத்துருவும் நகலில் சேர வேண்டியிருந்தது

ஆங்கிலக் கையேடுகள் சொல்லாத ஒரு சிக்கல் தமிழ் வீடுகளுக்கு இருந்தது. யூனிகோடு பரவும் முன், தமிழ் ஆவணங்கள் பாமினி, ஸ்ரீலிபி, வானவில், டிஸ்கி, டேம், டேப் என வெவ்வேறு குறியாக்கங்களில் தட்டச்சு செய்யப்பட்டன. எழுத்துரு கோப்பு சி டிரைவில் விண்டோஸின் ஃபான்ட்ஸ் அடைவில் இருக்கும். ஆவணம் டி டிரைவில் இருக்கும். சி-யை ஃபார்மட் செய்ததும் எழுத்துரு அழியும். பத்திரமாக எழுதிய பேக்கப் சிடியைத் திறந்தால் தாத்தாவின் குடும்ப வரலாறும் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கொட்டிக் கிடக்கும். ஆவணம் சாகவில்லை; படிக்க ஆளில்லை. எழுத்துருவையும் அதே சிடியில் வைத்தவர்கள் பிழைத்தார்கள்.

யூனிகோடுத் தமிழ் விண்டோஸ் 2000-இல் லதா எழுத்துருவோடு வந்தது. ஆனால் எக்ஸ்பியில் அதைச் சரியாகக் காண, கூடுதல் மொழி ஆதரவை நிறுவ வேண்டும். அப்போது விண்டோஸ் சிடியைக் கேட்கும். சிடி இல்லாத வீட்டில் அங்கேயே நின்றுவிடும். தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடை ஏற்றது. சென்னையின் நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்எச்எம் கன்வெர்ட்டர், ஜெர்மனியிலிருந்து சுரதா தந்த ‘பொங்குதமிழ்’ ஆகியவை பழைய குறியாக்கங்களை மாற்றித் தந்தன. தமிழின் கணினி வரலாற்றில் இவை செய்த மீட்புப் பணி இன்னும் உரிய அளவு பேசப்படவில்லை.

2015 வெள்ளம்

தியாகராய நகர் 1920-களில் ஏரியை வற்றவைத்து எழுந்த பகுதி. அதன் மேற்கே, அடையாற்றுக்கு அண்மையில் இருக்கும் மாம்பலத்துத் தாழ்விடங்களில் நீர் எளிதில் தேங்கும். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளின் பெருமழையில் தாம்பரத்தில் சுமார் 49 செ.மீ. பதிவானது; செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீரும் சேர அடையாறு கரை மீறியது. தரைத்தளங்களில் கணினி மேசையின் கீழ்த்தட்டிலோ தரையிலோ இருந்த சிபியு பெட்டிகள்தான் முதலில் மூழ்கின. பேக்கப் டிவிடிகளும் அதே மேசையின் இழுப்பறையில் இருந்தன. நகலும் மூலமும் ஒரே அறையில் இருந்ததன் விலை அது.

நனைந்த ஹார்ட் டிஸ்க்கில் மின்சாரம் பாய்ச்சக் கூடாது. காற்றழுத்தத்துக்கென உள்ள நுண்துளை வழியே சேறு உள்ளே போயிருக்கும். சுழன்றால் தட்டு கீறும். ஒளிவட்டுகள் இதைவிடத் தாங்கும். டிவிடியில் தகவல் அடுக்கு இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே இருப்பதால், நல்ல தண்ணீரில் அலசி, நடுவிலிருந்து விளிம்பு நோக்கி மென்துணியால் ஒற்றி உலர்த்தினால் பெரும்பாலும் படிக்கும். சிடியில் அது மேற்புறத்து மெல்லிய பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது. காகித ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் உரியும்போது தகவலும் சேர்ந்து உரியும்.

பிந்தைய நிலை

2012-இல் விண்டோஸ் 8 மீட்புக் கருவியை பென்டிரைவுக்கு மாற்றியது. லேப்டாப்களில் டிவிடி டிரைவ் மறைந்தது. 2015-இல் கூகுள் ஃபோட்டோஸும் 2016-இல் ஜியோவும் வந்து படங்களைக் கைபேசியிலிருந்து நேரே இணையத்துக்குக் கொண்டுபோயின. மோசர் பேயர் நிறுவனத்தைக் கலைக்க 2018-இல் உத்தரவிடப்பட்டது. வீடுகளில் எஞ்சிய வட்டுகளின் சாயப்பூச்சு சென்னையின் வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் மங்கிவருகிறது. யுஎஸ்பியில் செருகும் வெளி டிவிடி டிரைவ் ரிச்சி தெருவில் இன்றும் விற்பனையில் உள்ளது. 2000-2010 காலத்துச் சிடிகளை அதில் படித்து இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க்குகளுக்கு நகலெடுத்து, ஒன்றை வேறொரு வீட்டிலோ மாடியிலோ வைப்பது இப்போதே செய்ய வேண்டிய வேலை. ஃபான்ட்ஸ் அடைவையும் உடன் எடுக்க வேண்டும்.