கைக்கெட்டும் தொட்டில்

பிரசவ நாள் நெருங்கும்போது வாங்கிச் சேர்க்கும் பொருள்களில் இப்போது பெற்றோரை அதிகம் யோசிக்க வைப்பது கட்டிலோரத் தொட்டில். மூன்று பக்கம் உயரமான தடுப்பு இருக்கும். நான்காவது பக்கத்தை இறக்கிக்கொள்ளலாம். அதைத் தாயின் கட்டிலோடு வாரால் இறுக்கிக் கட்டிவிட்டால் படுத்த இடத்திலிருந்தே குழந்தையைத் தொடலாம், தட்டிக்கொடுக்கலாம், பாலுக்கு எடுக்கலாம். கடைகளில் 'பெட்சைடு கிரிப்' என்கிறார்கள். நேற்று வந்த புதுமை போல விற்கிறார்கள். உண்மையில் இதன் வயது முந்நூறு ஆண்டுகளுக்குக் குறையாது. அந்த வயதை அறிந்தபின் வாங்கப் போகிறவர், துணியின் நிறத்தையும் மரத்தின் வழவழப்பையும் விட்டுவிட்டு நேரே அதன் விளிம்பைத்தான் பார்ப்பார். இந்தப் பொருளின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

1730களின் தொடக்கத்தில் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் ஒரு சிறு கடிதம் படத்தோடு வெளியானது. எழுதியவர் ஆலிவர் செயின்ட் ஜான். இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் பாலூட்டும் பெண்கள் வைத்திருந்த 'ஆர்கூச்சியோ' என்ற மரச்சட்டத்தை அவர் அதில் விவரித்திருந்தார். நீளம் மூன்றடி இரண்டரை அங்குலம். தலைமாட்டில் ஒரு பலகை. பக்கவாட்டுச் சட்டங்களில், பாலூட்டுகிறவள் மார்பை வைத்துக்கொள்ள வசதியாக அரைவட்டமாகக் குடைந்த இடம். பாலூட்டும்போது சாய்ந்துகொள்ள ஒரு மரக்கட்டை, அதைத் தாங்க ஒரு சிறு இரும்பு வளைவு. இதற்குள் குழந்தையைக் கிடத்தி, தன் படுக்கையிலேயே பக்கத்தில் வைத்துக்கொள்வாள். குளிர்காலத்தில் போர்வையை அதன் மேலேயே இழுத்துவிட்டாலும் துணி குழந்தையின் முகத்தில் படியாது. தூக்கக் கலக்கத்தில் அவள் புரண்டாலும் சட்டம் தடுத்துவிடும்.

அந்த மார்புக் குடைவு எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. குழந்தையைத் தாயிடமிருந்து பிரிக்க நினைத்த தச்சன் அதைக் குடைந்திருக்க மாட்டான். இரவில் நாலைந்து முறை பால் கொடுக்கவேண்டும், கொடுத்துக்கொண்டே அவள் கண்ணயர்ந்துவிடுவாள் என்று தெரிந்த ஒருவன் செய்த வேலை அது. ஃபுளோரன்ஸில் இந்த அக்கறைக்குக் காரணமும் இருந்தது. கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக 1445இல் திறக்கப்பட்ட இன்னசென்ட்டி இல்லம் அந்த நகரில்தான் இருக்கிறது. அங்கே வந்து சேர்ந்த குழந்தைகள் ஊர்ப்புறத்துச் செவிலித்தாய்மாரிடம் பாலுக்காக அனுப்பப்பட்டார்கள். பிறர் பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உறங்கும் பெண் அதன் மேல் புரண்டுவிடுவாளோ என்ற அச்சம் ஊர் முழுக்க இருந்தது. ஆர்கூச்சியோவில் கிடத்தாமல் குழந்தையோடு படுக்கும் செவிலிக்குத் திருச்சபையிலிருந்து விலக்கமே தண்டனை என்று அந்தக் கடிதம் சொல்கிறது.

படம் லண்டனுக்கு வந்தது. ஆனால் பொருள் பிரிட்டிஷ் வீடுகளில் வேரூன்றவில்லை. அந்த நகரத்தின் மரணப் பட்டியல்களில் 'மேலே புரண்டதால்' இறந்த குழந்தைகளுக்கென்று தனி வரியே இருந்தபோதும் யாரும் அந்தச் சட்டத்தைச் செய்து கொடுக்கவில்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின், 1892இல், ஸ்காட்லாந்தின் டண்டீ நகரக் காவல்துறை மருத்துவர் சார்ல்ஸ் டெம்பிள்மன், மூச்சுத் திணறி இறந்ததாகக் கருதப்பட்ட 258 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சனிக்கிழமை இரவுகளில் சாவு அதிகம் என்பதை அவர் கவனித்தார். குடி, கவனக்குறைவு, அறியாமை, இட நெருக்கடி எனக் காரணங்களை அடுக்கினார். டண்டீ சணல் ஆலைகளின் ஊர். தொழிலாளர் குடும்பங்கள் ஒற்றை அறையில் ஒரே படுக்கையில் உறங்கின. ஆனால் அரசாங்கத்தின் கண்ணில் நின்றது குடி மட்டும்தான். குடிபோதையில் குழந்தையோடு படுத்து அது மூச்சுத் திணறி இறந்தால் குற்றம் என்று 1908ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் வகுத்தது. தண்டனைக்கு வழி பிறந்தது. குழந்தை படுக்க இடம் எங்கே என்ற கேள்வியைத் தாய்மார் நலப் பணியாளர்கள்தான் கையில் எடுத்தார்கள். வாழைப்பழம் வந்திறங்கிய மரப்பெட்டிகளைத் தேய்த்துச் சீராக்கித் தொட்டிலாக்கக் கற்றுக்கொடுத்தார்கள். காசில்லாத வீட்டுக்குள் நுழைந்த முதல் தனிப்படுக்கை பலருக்கு அந்தப் பெட்டிதான்.

அதற்குப் பின் வசதி பெருகிய மேற்கத்திய வீடுகளில் தொட்டில் தாயை விட்டு விலகித் தனி அறைக்குப் போனது. அந்தக் கதையை நீட்டவேண்டியதில்லை. அந்த விலகல் குழந்தைக்கு நல்லதில்லை என்று பின்னர் ஆய்வுகள் காட்டின என்பதே இங்கு முக்கியம். பெற்றோர் உறங்கும் அறையிலேயே தனிப் பரப்பில் கிடக்கும் குழந்தைக்குத் திடீர் மரண ஆபத்து குறைவு. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி குறைந்தது முதல் ஆறு மாதம் அப்படி வைத்துக்கொள்ளச் சொல்கிறது.

அந்த ஆய்வுகளில் முக்கியமான பங்கு நியூசிலாந்துக்கு உண்டு. இந்தப் பொருளின் பயணத்தில் எனக்கு மிகப் பிடித்த பகுதியும் அங்கேதான் நடந்தது. 1987 முதல் 1990 வரை அந்நாட்டில் திடீர் சிசு மரணங்களைப் பற்றி நடந்த பெரிய ஆய்வு, குழந்தையைக் குப்புறக் கிடத்துவதும் தாயின் புகைப்பழக்கமும் தாய்ப்பால் இல்லாததும் ஆபத்தைக் கூட்டுவதாகக் கண்டது. மல்லாக்கக் கிடத்துங்கள் என்ற பிரசாரம் தொடங்கியதும் சாவுகள் வேகமாகக் குறைந்தன. அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களிடம் மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. கருவுற்றிருந்தபோது புகைத்த தாய், பிறந்த குழந்தையோடு ஒரே படுக்கையில் உறங்குவதுதான் அங்கே பெரிய ஆபத்தாக நின்றது. 'கூடப் படுக்காதீர்கள்' என்று சுகாதாரத் துறை சொன்னது. குழந்தையை அணைத்துக்கொண்டு உறங்குவதையே குடும்ப வாழ்க்கையாகக் கொண்ட மக்கள் அதைக் காதில் வாங்கவில்லை. வாங்காததில் வியப்பும் இல்லை.

டேவிட் டிப்பெனே-லீச் என்ற மாவோரி மருத்துவர் 2005-06 வாக்கில் கிஸ்போர்ன் பகுதிப் பின்னல் கலைஞர்களோடு சேர்ந்து மாற்றுவழி தேடினார். அப்படிப் பிறந்தது 'வஹாகுரா'. ஹராகெகே என்ற செடியின் நீண்ட தட்டை இலைகளைக் கிழித்துப் பின்னிய, ஏறத்தாழ 36 சென்டிமீட்டர் அகலமும் 72 சென்டிமீட்டர் நீளமும் உள்ள ஆழமில்லாத கூடை. உள்ளே மெல்லிய மெத்தை. கூடையைப் பெற்றோரின் படுக்கையிலேயே வைத்துக்கொள்ளலாம். குழந்தை கூடவே இருக்கும், ஆனால் தனக்கென்று ஓர் எல்லையோடு இருக்கும். ஹராகெகேயை அறுப்பதிலும் ஒரு முறை உண்டு. நடுக்குருத்தைக் குழந்தையாகவும் அதன் இருபுறத்து இலைகளைப் பெற்றோராகவும் கருதி அவற்றைத் தொடாமல், வெளி இலைகளை மட்டும் அறுப்பார்கள். கருவுற்ற பெண்கள் பின்னல் கற்கக் கூடும் இடங்களிலேயே பேச்சும் நடந்தது: மல்லாக்கக் கிடத்து, முகத்தை மூடாதே, தாய்ப்பால் கொடு, புகையை விடு. ஃபுளோரன்ஸில் திருச்சபை விலக்கம் என்று மிரட்டியதை இங்கே ஒரு கூடையோடு சேர்த்துக் கொடுத்தார்கள்.

பரிவு இருந்தால் போதாது, பாதுகாப்பும் தெரியவேண்டும் என்று கேட்ட ஆய்வாளர்களும் இருந்தார்கள். அவர்கள் கேட்டது சரி. ஹாக்ஸ் பே பகுதியில், பெரும்பாலும் மாவோரிகளான 200 தாய்மாரில் ஒரு பாதிக்கு வஹாகுராவும் மறுபாதிக்கு வழக்கமான தனித் தொட்டிலும் கொடுத்து, குழந்தைகள் உறங்குவதை இரவில் படம்பிடித்துப் பார்த்தார்கள். சாலி பேடாக் குழுவினரின் முடிவுகள் 2017இல் வெளியாயின. முகம் மூடிக்கொள்வது போன்ற ஆபத்துகள் கூடையில் அதிகமாகவில்லை. ஆறாவது மாதத்தில் முழுமையாகத் தாய்ப்பால் குடித்த குழந்தைகள், கூடை பெற்றவர்களில் 22.5 விழுக்காடு, தொட்டில் பெற்றவர்களில் 10.7 விழுக்காடு.

இதற்கிடையில் 2011 பிப்ரவரி 22 அன்று கிறைஸ்ட்சர்ச் நகரை நிலநடுக்கம் குலைத்துப்போட்டது. வீடிழந்த குடும்பங்கள் உறவினர் வீடுகளில் நெருக்கியடித்துப் படுத்தன. பின்னிக்கொண்டிருக்க நேரமில்லை. வீட்டுச் சாமான் போட்டு வைக்கும் பிளாஸ்டிக் பெட்டியை எடுத்து, அதற்கேற்ற மெத்தையும் விரிப்பும் சேர்த்து, ஸ்டெஃபனி கோவன் தலைமையிலான குழு கைக்குழந்தை உள்ள குடும்பங்களுக்குக் கொடுத்தது. பெயர் 'பேப்பி-பாட்'. வாழைப்பழப் பெட்டிக்கு நூறு ஆண்டு கழித்து ஒரு தம்பி பிறந்ததாகவே இதை நினைக்கிறேன். பிறகு கூடையும் பெட்டியும் சேர்ந்தே நாட்டின் ஆபத்து மிகுந்த குடும்பங்களுக்குப் போயின. பிறந்து ஒரு வாரம் முதல் ஓராண்டு வரையிலான குழந்தைகளின் இறப்பு 2009க்கும் 2015க்கும் இடையே 29 விழுக்காடு குறைந்தது. அந்தக் குறைவில் இந்தத் திட்டத்துக்குப் பங்குண்டு என்பது ஆய்வாளர்களின் முடிவு.

கடையில் கிடைக்கும் கட்டிலோரத் தொட்டிலுக்கு வழி திறந்தவர்களில் மருத்துவமனை ஆய்வாளர்களும் உண்டு. இங்கிலாந்தின் நியூகாசில் நகர ராயல் விக்டோரியா மருத்துவமனையில் மானுடவியலாளர் ஹெலன் பால் குழுவினர் நடத்திய ஆய்வு 2006இல் வெளியானது. குழந்தை தாயின் படுக்கையில் கிடந்தபோதும், படுக்கையோடு இணைத்த பக்கத் தொட்டிலில் கிடந்தபோதும், தனியாக நின்ற தொட்டிலில் கிடந்ததைவிட அடிக்கடிப் பால் குடிக்க முயன்றது. அதனால் தாயின் தூக்கம் குறையவில்லை. கைக்கெட்டும் தூரத்துக்கு இவ்வளவு மதிப்பு. அறுவைப் பிரசவமாகி எழுந்து உட்காரவே வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் பெண்ணுக்கு இதன் அருமையை யாரும் எடுத்துச் சொல்லவேண்டாம்.

இனி வாங்குவதற்கு வருவோம். இறக்கிய பக்கத்தை முதலில் பாருங்கள். குழந்தை உருண்டு பெரிய மெத்தைக்குப் போகாதபடி, இறக்கிய பின்பும் தொட்டில் மெத்தைக்கு மேலே ஒரு விளிம்பு எஞ்சி நிற்கவேண்டும். 2019இல் திருத்தப்பட்ட ஐரோப்பியத் தரவரையறை இதற்குக் குறைந்தது 120 மில்லிமீட்டர் கேட்கிறது. முழுவதும் திறந்துகொண்டு பெரியவர் மெத்தையோடு ஒரே தளமாகிவிடும் தொட்டில் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு அது வேண்டாம். அந்த விளிம்பும் உங்கள் மெத்தையின் மேற்பரப்பும் ஒரே உயரத்தில் வரும்படி கால்களை ஏற்றி இறக்க முடியவேண்டும். கடைக்குப் போகும் முன் கட்டிலின் உயரத்தை மெத்தையோடு சேர்த்து அளந்துகொண்டு போங்கள்.

அடுத்தது இடைவெளி. தொட்டில் கட்டிலை ஒட்டி நின்று, வார் உங்கள் மெத்தைக்கு அடியில் போய் எதிர்ப்பக்கச் சட்டத்தில் இறுகவேண்டும். இரண்டுக்கும் நடுவே சந்து விழுந்தால் துண்டைச் சுருட்டிச் செருகாதீர்கள். துண்டு நெகிழும், குழந்தையின் முகம் அதில் புதையும். வாரைத்தான் இறுக்கவேண்டும். நம் வீடுகளில் இப்போது பெருகியிருக்கும் ஸ்டோரேஜ் கட்டிலுக்கு அடியில் இடம் இருக்காது, அதனால் தொட்டிலின் கால்கள் உள்ளே போகாது. கால்களை மடக்கிக்கொள்ள வழி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

மெத்தை கெட்டியாக, தட்டையாக இருக்கட்டும். தலையணை, பொம்மை, பஞ்சு வைத்த பக்கத் தடுப்பு எதுவும் உள்ளே வேண்டாம். எதுக்களிப்புக்கு நல்லது என்று தலைமாட்டை உயர்த்தும் வசதியைக் காட்டி விற்பவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 2019 ஏப்ரலில் ஒரே வகைச் சாய்வுத் தொட்டில்கள் 47 லட்சம் திரும்பப் பெறப்பட்டன. 2022 முதல் பத்து டிகிரிக்கு மேல் சாயும் குழந்தைப் படுக்கைகளுக்கு அங்கே தடை. கழுத்து நிலைக்காத குழந்தையின் தாடை, சாய்வான பரப்பில் மார்பில் இறங்கி மூச்சுவழியை அடைத்துவிடலாம். பகலில் பக்கத்திலேயே இருந்து ஆட்டும் தூளியை இரவு முழுவதற்கும் படுக்கையாக்க வேண்டாம் என்று சொல்வதற்கும் இதுதான் காரணம்.

பாயில் படுக்கும் வீட்டுக்கு இந்தக் காலுள்ள தொட்டில் பொருந்தாது. விற்பவர் பேச்சைக் கேட்டு அதற்காகக் கட்டிலும் மெத்தையும் சேர்த்து வாங்கவேண்டாம். தாயின் பாயை ஒட்டிக் குழந்தைக்குத் தனியாக ஒரு கெட்டியான தட்டை விரிப்பு இருந்தால் போதும். கனத்த போர்வையும் தலையணையும் அந்தப் பக்கம் வராமலிருக்கட்டும். புகைத்தவர், குடித்தவர், மயக்கம் தரும் மருந்து எடுத்தவர் குழந்தைக்குப் பக்கத்தில் படுக்கக்கூடாது. சோபாவில் குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு கண்ணயர்வது எல்லாவற்றிலும் மோசம். எவ்வளவு களைப்பானாலும் அதை மட்டும் செய்யாதீர்கள்.

கட்டிலோரத் தொட்டிலுக்கு ஆயுள் குறைவு. குழந்தை கையையும் முழங்காலையும் ஊன்றி எழும்பத் தொடங்கியதும் அதன் வேலை முடிந்துவிடும். பெரும்பாலும் ஐந்தாறு மாதம். அதனால் இது கைமாறிக்கொண்டே இருக்கும் பொருள். அக்கா வீட்டிலிருந்தோ தோழி வீட்டிலிருந்தோ வந்தால் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் வார், திருகுகள், விளக்கத் தாள் மூன்றும் கூடவே வருகின்றனவா என்று பாருங்கள். பக்கத்தை ஏற்றி இறக்கி, பூட்டு விழும் சத்தத்தைக் கேளுங்கள். மெத்தையைப் புதிதாக, தொட்டிலின் உள்ளளவுக்குச் சரியாக வாங்குங்கள். வார் தொலைந்துபோன தொட்டிலை, அது எவ்வளவு நெருங்கியவர் கொடுத்ததானாலும், கட்டிலை ஒட்டிப் போடாதீர்கள். பக்கத்தை முழுவதும் ஏற்றிப் பூட்டி, ஒரு கையெட்டும் தூரத்தில் தனியாக நிறுத்திக்கொள்ளுங்கள்.