உலக இளையோர் நாள்

உலக இளையோர் நாள் என்பது, கத்தோலிக்கத் திருச்சபையின் இளைஞரும் யுவதிகளும் இரண்டு முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை தத்தம் தேசங்களினின்று புறப்பட்டு, முன்னரே குறிக்கப்பட்டதொரு நகரத்தில் பாப்பரசரோடு கூடி ஜெபிக்கும் பெருங்கூட்டத்துக்கு வழங்கும் பெயர். நாள் என்று பெயர் பெற்றிருந்தும் ஏறக்குறைய ஒரு வாரம் நடைபெறும் அதனை, விழா என்பதினும் யாத்திரை என்பதே பொருந்தும்.

அந்த யாத்திரையின் ஊற்றைப் போலந்து தேசத்தில் தேட வேண்டும். 1949-இல் கிராக்கோவ் நகரத்துப் புனித புளோரியன் ஆலயத்துக்கு உதவிக் குருவாக வந்த கரோல் வொய்த்தீவா, பல்கலைக்கழக மாணவரை மலைகளுக்கும் ஆறுகளுக்கும் அழைத்துச் சென்று, கரையில் கவிழ்த்து வைத்த படகையே பீடமாகக் கொண்டு திருப்பலி நிறைவேற்றி வந்தார். குருமார் இளைஞரைக் கூட்டிச் செல்வதைக் கம்யூனிஸ்ட் அரசு சகியாதிருந்த காலமாகையால், அம்மாணவர் அவரைத் தந்தை என்று அழையாமல் மாமா என்றே அழைத்தனர். அவரே 1978-இல் இரண்டாம் யோவான் பவுல் என்னும் பெயரோடு பாப்பரசரானார்.

இயேசுவின் மீட்புச் செயல் நிகழ்ந்து 1950 ஆண்டுகள் நிறைந்ததை முன்னிட்டு 1983-இல் அவர் பிரகடனம் செய்த புனித ஆண்டு முழுவதும், ஏறத்தாழப் பன்னிரண்டரை அடி உயரமுள்ள மரச்சிலுவை ஒன்று புனித பேதுரு பேராலயப் பீடத்தருகே நின்றது. 1984 ஏப்ரல் மாதக் குருத்து ஞாயிறன்று ரோமாபுரியில் இலட்சக்கணக்கான இளைஞர் திரண்டனர்; அடுத்த வாரம், ஈஸ்டர் ஞாயிறாகிய ஏப்ரல் 22-ஆம் தேதி, அச்சிலுவையை உலகெங்கும் சுமந்து செல்லுமாறு பாப்பரசர் இளையோரிடம் ஒப்படைத்தார். அவர்கள் அதனை மியூனிக்குக்கும் லூர்து நகருக்கும், மறு ஆண்டுத் தொடக்கத்தில் இரும்புத்திரைக்கு அப்பாலிருந்த பிராக் நகருக்கும் கொண்டு சென்றனர். ஆதலின் இந்த ஸ்தாபனத்தின் வரலாற்றில் முதலில் பிரயாணம் செய்தது ஒரு சிலுவையே என்பதும், கூட்டங்கள் அதன் பின்னே தோன்றின என்பதும் கவனிக்கத்தக்கன.

ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச இளைஞர் ஆண்டாகக் கொண்டாடிய 1985-இன் டிசம்பரில் பாப்பரசர் இந்நாளை நிறுவினார். 1986-ஆம் ஆண்டுக் குருத்து ஞாயிறன்று அது மறைமாவட்டங்களில் முதன்முறை அனுசரிக்கப்பட்டது. ரோமாபுரிக்கு வெளியே முதற்கூட்டம் 1987-இல் அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸில் நடைபெற்றது. 1989-இல் ஐரோப்பாவின் புராதன யாத்திரைப் பாதை முடிவடையும் சாந்தியாகோ தே கொம்போஸ்தெலாவில் நடந்த கூட்டமோ, நடந்து செல்வதையே வழிபாடாகக் கருதிய பழைய சம்பிரதாயத்தோடு இப்புதிய வழக்கத்தைப் பிணைத்துவிட்டது.

எனினும், இவ்வரலாற்றின் சிகரம் என்று யாம் கருதுவது 1991 ஆகஸ்டு மாதத்தில் போலந்தின் செஸ்டகோவா நகரில் நிகழ்ந்த கூட்டமேயாம். வார்சாவிலிருந்து 1711 முதல் ஆண்டுதோறும் பக்தர் கால்நடையாக வந்து தரிசிக்கும் கறுப்பு மாதாவின் திருத்தலமாகிய யாஸ்னா கூராவின் முன்பு, மேற்கு ஐரோப்பியரோடு தோளுரசி, அதுகாறும் எல்லை கடக்க அனுமதி பெறாதிருந்த கிழக்கு ஐரோப்பியரும், சோவியத் நாட்டினின்று வந்த பல்லாயிரவரும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கூட்டமாய் நின்றனர். ஆகஸ்டு 15-ஆம் தேதி அது நிறைவுற்றது. நான்கு நாள் கழித்து மாஸ்கோவில் இராணுவச் சதி வெடித்தது. அவ்வாண்டு முடிவதற்குள் சோவியத் ஒன்றியமே மறைந்தது. ஒரு தலைமுறை முழுவதும் இரகசியமாகச் சொன்ன ஜெபத்தை முதன்முறை திறந்த வெளியில், அயல் தேசத்தாரோடு சேர்ந்து சொல்வதென்பது எத்தகைய அனுபவம் என்பதைச் சுதந்திரத்தை இழந்து பெற்றவரே அறிவர்.

டென்வர் நகரில் நடந்த கூட்டத்தை அடுத்து, 1995 ஜனவரியில் மணிலா நகரம் கண்ட ஜனசமுத்திரம் நாற்பது லட்சத்துக்குக் குறையாதென மதிக்கப்படுகிறது. சாலைகளில் வாகனம் நகர வழியின்றிப் பாப்பரசர் ஹெலிகாப்டரிலேயே பலிபீடத்தை அடைந்தார். அதே பிரயாணத்தின் முடிவில் அவர் கொழும்புக்கு வந்து, தமிழும் சிங்களமும் கற்று இலங்கையில் மறைந்து வாழ்ந்து விசுவாசத்தைக் காத்த கோவாக் குரு ஜோசப் வாஸை, ஜனவரி 21-ஆம் தேதி முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார்.

1997-ஆம் ஆண்டுப் பாரிஸ் கூட்டம் தொடங்கி, யாத்திரிகர் முதலிற் சில நாள் அத்தேசத்தின் மறைமாவட்டங்களில் அதிதிகளாகத் தங்கும் வழக்கம் ஏற்பட்டது. சிற்றூர் ஒன்றில், பாஷை தெரியாத ஒரு குடும்பத்தார் தம் பிள்ளைகளின் அறையை ஒழித்துக் கொடுத்து, காலையில் ரொட்டியும் காப்பியும் வைத்துக் காத்திருக்கும் அவ்வுபசரணை, லட்சம் பேர் கூடும் மைதானத்தினும் ஆழமாக இளைஞர் மனத்திற் பதிகிறது. பின்னர் நகரத்தில் மறையுரைகள், பாவசங்கீர்த்தனம், சிலுவைப்பாதை ஆகியன நிகழும். சனிக்கிழமை யாவரும் மூட்டை முடிச்சுகளோடு நடந்து சென்று திறந்த வெளியில் விழித்திருந்து, அங்கேயே படுத்துறங்கி, ஞாயிறன்று திருப்பலி கண்டு திரும்புவர்.

2002-இல் டொராண்டோவில் நடந்ததே இரண்டாம் யோவான் பவுல் கலந்துகொண்ட இறுதிக் கூட்டமாயிற்று. கொலோனிலும் சிட்னியிலும் மாட்ரிடிலும் அவருக்குப் பின் பாப்பரசரான பதினாறாம் பெனடிக்டும், ரியோ டி ஜெனீரோ முதல் 2023-இல் லிஸ்பன் வரை நான்கு நகரங்களில் பிரான்சிஸும் தலைமை வகித்தனர். 2011-இல் மாட்ரிடில், பொருளாதார நெருக்கடிக் காலத்தில் பொதுப்பணம் இதற்குச் செலவாகலாமா என்று ஆட்சேபம் கிளம்பியது. அக்கேள்வி நியாயமானதே. கடன்பட்ட தேசத்தின் குடிமக்களுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. அக்கணக்கைத் தெளிவாகக் காட்டுவது திருச்சபையின் கடமை.

அடுத்த கூட்டம் 2027 ஆகஸ்டில் சியோல் நகரில் நடைபெறுமென அறிவிக்கப்பட்டுள்ளது. மணிலாவுக்குப் பின் ஆசியாவுக்கு இது இரண்டாம் முறை. கொரியத் திருச்சபையோ அயல்நாட்டுக் குருமாரால் தொடங்கப்பட்டதன்று. சீனத்திலிருந்து வந்த நூல்களைக் கற்ற அந்நாட்டு அறிஞருள் ஒருவராகிய யீ சுங்-ஹுன், 1784-இல் பீஜிங்குக்குச் சென்று ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பியதினின்று அது பிறந்தது. அதற்குச் சரியாக இருநூறாண்டு கழித்துப் புறப்பட்ட மரச்சிலுவையை, 2024 நவம்பர் 24-ஆம் தேதி, புனித பேதுரு பேராலயத்தில் போர்ச்சுகல் இளைஞர் கையினின்றும் கொரிய இளைஞர் பெற்றுக்கொண்டனர்.