தாளிலிருந்து எழுந்த உருவங்கள்

சென்னையின் மேற்குப் புறத்தில், கள்ளிக்குப்பத்தை உள்ளடக்கிய அம்பத்தூர் வட்டாரத்தின் போக்கையே மாற்றியது 1964இல் தோன்றிய தொழிற்பேட்டை. அதன் பட்டறைகளில் எந்த உதிரிப் பாகமும் முதலில் ஒரு தாளில்தான் பிறந்தது. தாளில் நீளமும் அகலமும் உண்டு; ஆழம் கிடையாது. அவ்வாறிருக்க, தட்டையான கோடுகளைப் பார்த்து லேத் தொழிலாளி கனமான இரும்பை எப்படிச் சரியாகக் கடைந்தார்? அவர் மனத்தில் நடந்த அந்த வேலையைக் கணிப்பொறி கற்றுக்கொண்ட வரலாற்றை இங்குக் காண்போம்.

மூன்று தோற்றங்கள்

18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணித அறிஞர் காஸ்பார் மோன்ஜ், ஒரு பொருளைப் பல திசைகளிலிருந்து நோக்கி வரையும் முறையை ஒழுங்குபடுத்தினார். கோட்டைகளை வடிவமைக்க உதவியதால் இது சில காலம் இராணுவ இரகசியமாக இருந்தது. 1795இல் அவர் இதை விரிவுரைகளில் வெளிப்படையாகக் கற்பித்தார். இன்று தொழிற்பயிற்சி மாணவர் வரையும் முன்தோற்றம், மேல்தோற்றம், பக்கத்தோற்றம் யாவும் இதன் வழிவந்தவையே.

ஒரு சிறு சோதனை. மேலிருந்து பார்த்தால் வட்டம். முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்தால் முக்கோணம். பொருள் எது? கூம்பு! தனித்தனிப் படங்களை இணைத்து உங்கள் மனமே ஓர் உருவத்தைக் கட்டிவிட்டது அல்லவா?

வளைவின் சிக்கல்

பெட்டி போன்ற உருவங்களுக்கு இம்முறை போதும். பெரம்பூர் இரயில் பெட்டித் தொழிற்சாலை 1955இல் சுவிஸ் நாட்டு உதவியுடன் செய்யத் தொடங்கிய பெட்டிகள் அத்தகையவை. அதே தொழிற்சாலையில் 2018இல் உருவாகி, பின்னர் 'வந்தே பாரத்' எனப் பெயர் பெற்ற இரயிலின் மூக்கோ பல திசைகளிலும் வளைந்தது. அதன் பரப்பில் ஒவ்வொரு புள்ளியும் எங்கே இருக்கிறது என்பதை மூன்று படங்களால் சொல்லிவிட முடியாது.

கார் தயாரிப்பாளர்களுக்கும் இதே சிக்கல் இருந்தது. பிரான்சில் சிட்ரோவன் நிறுவனத்தின் டி காஸ்டெல்ஜோவும் ரெனோ நிறுவனத்தின் பெசியேயும், 1959இலும் அதையடுத்த ஆண்டுகளிலும் தனித்தனியே விடை கண்டனர். சில புள்ளிகளைக் குறித்தால் போதும். கோடு அவற்றின் பக்கமாக வளையும். புள்ளியை நகர்த்தினால் வளைவும் மாறும். இத்தகைய கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னினால் வளைபரப்பு கிடைக்கும்.

திரையில் ஒரு கெண்டி

1963இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஐவன் சதர்லண்ட், ஒளிப்பேனாவால் கணிப்பொறித் திரையில் படம் வரையும் வழியைக் காட்டினார். அவ்வாண்டே அங்கு திமத்தி ஜான்சன், மூன்று தோற்றங்களையும் முப்பரிமாணப் படத்தையும் ஒரே திரையில் இணைத்தார். ஒன்றில் கோட்டை மாற்றினால் மற்றவையும் மாறின.

ஆனால் அவை வெறும் கம்பிக் கூடுகள். அவற்றிற்கு மேனியும் பளபளப்பும் அளித்தவர்களுள் யூட்டா பல்கலைக்கழகத்தினர் முதன்மையானவர்கள். 1971இல் கூரோ, சிறு பட்டைகளின் மூலைகளில் ஒளியின் அளவைக் கணக்கிட்டு, இடைப்பகுதியைப் படிப்படியாகக் கலந்தார். வியட்நாமில் பிறந்த போங், ஒவ்வொரு புள்ளிக்கும் தனியே கணக்கிட்டு மினுமினுப்பைக் கொண்டுவந்தார். 1975இல் அங்கேயே மார்ட்டின் நியூவெல், தம் வீட்டுத் தேநீர்க் கெண்டியைக் கட்டமிட்ட தாளில் வரைந்து, பெசியே முறைப்படி கணிப்பொறிக்கு அளித்தார். உலகெங்கும் ஆய்வாளர்கள் தம் முறைகளைச் சோதிக்கும் உருவமாக அது ஆயிற்று.

அக்கெண்டியில் ஒரு குறை இருந்தது. அதற்கு அடிப்பாகம் இல்லை! மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்ப்பவருக்கு அது தெரியாது. அடிப்பாகம் பின்னால்தான் சேர்க்கப்பட்டது.

மாணவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். இன்று பல பட்டறைகளில் கணிப்பொறி மாதிரியைக் கொண்டே கடைசல் எந்திரம் இயக்கப்படுகிறது. ஆழத்தை மனத்தால் காணும் வேலை திரைக்குச் சென்றுவிட்டது. எனினும், சொல்லாமல் விட்ட அடிப்பாகத்தைக் கணிப்பொறி தானாகச் சேர்ப்பதில்லை. பிழையான மாதிரியையும் அழகாகவே காட்டும். இரும்பு வெட்டுப்படுமுன் அக்குறையைக் கண்டுபிடிப்பவர், மூன்று தோற்றங்களைப் படிக்கத் தெரிந்தவரே.