நம் குடலில் இருக்கும் கிருமிதான்... மீனில் வந்தால் ஏன் ஆபத்து?

2015ஆம் ஆண்டின் முதல் பாதி. சிங்கப்பூர் மருத்துவமனைகளில் டாக்டர்களுக்கு ஒரு சந்தேகம்.

பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று ஒரு பாக்டீரியா. அது உடலுக்குள் ஊடுருவிக் கடுமையான தொற்றை ஏற்படுத்தும் சம்பவங்கள் அதற்கு முந்திய ஆண்டுகளில் சராசரியாக 150 வரை இருந்தன. ஆனால் அந்த ஆண்டு ஜூலை மாதத்துக்குள்ளேயே எண்ணிக்கை 200ஐத் தாண்டிவிட்டது.

வந்த நோயாளிகளும் வேறு மாதிரி. இந்தக் கிருமி வழக்கமாகப் பிறந்த குழந்தைகளையும் வயதானவர்களையும் நீரிழிவு போன்ற நோய் உள்ளவர்களையும்தான் தாக்கும். இம்முறை, அதுவரை பெரிதாக எந்த நோயும் இல்லாத பெரியவர்களும் வந்தார்கள். சிலருக்கு மூளை உறையில் அழற்சி. சிலருக்கு மூட்டிலும் முதுகெலும்பிலும் தொற்று.

"என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டபோதுதான் துப்பு கிடைத்தது. பலரும் சொன்ன பதில், கஞ்சியோடு பரிமாறப்படும் பச்சை மீன்.

உணவங்காடி நிலையங்களில் பல காலமாக விற்கப்பட்டுவந்த உணவு அது. மெல்லிசாக வெட்டிய மீன். மேலே இஞ்சி, மிளகாய், நல்லெண்ணெய், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. சீனப் புத்தாண்டில் எல்லாரும் சேர்ந்து உயரத் தூக்கிக் கலக்கும் லோ ஹெய் யூஷெங்கோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் பெரும்பாலும் சால்மன் மீன் இருக்கும். கஞ்சிக் கடைகளில் பயன்படுத்தப்பட்டது சோங், தோமான் எனும் நன்னீர் மீன்கள். (தோமான் வேறு யாருமில்லை, நம் விரால் மீனின் உறவுக்காரர்தான்.)

<b>பாக்டீரியா என்றாலே கெட்டதா?</b>

இல்லை. நம் தோல், வாய், குடல் எல்லா இடத்திலும் பாக்டீரியா இருக்கிறது. உணவு செரிக்க உதவுவதும் பாக்டீரியாதான், தயிர் உறைய வைப்பதும் பாக்டீரியாதான்.

பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸும் அப்படி நம்மோடு குடியிருப்பதுதான். பெரியவர்களில் 15 முதல் 30 விழுக்காட்டினரின் குடலிலோ சிறுநீர், பிறப்புறுப்புப் பாதையிலோ அது இருக்கிறது. பெரும்பாலோர்க்கு அது இருப்பதே தெரியாது. கர்ப்பிணிகளிடம் மட்டும் கவனம் தேவை. பிரசவத்தின்போது குழந்தைக்குத் தொற்றக்கூடும்.

<b>அப்போ 2015இல் என்ன மாறியது?</b>

பெயர் ஒன்றுதான், ஆனால் அந்தக் குடும்பத்தில் பல வகைகள் உண்டு. நோயாளிகளிடம் கிடைத்த கிருமியின் மரபணுவை ஆய்வாளர்கள் சோதித்தார்கள். பலரிடமும் ஒரே வகை. அதன் பெயர் எஸ்டி283. மீன் மாதிரிகளிலும் அதே வகை இருந்தது.

வழக்கமான வகைகள் நம்மிடம் காலங்காலமாக இருப்பவை. எஸ்டி283 உணவு வழியாக வருகிறது. தென்கிழக்காசியாவில் பண்ணையில் வளர்க்கப்படும் திலாப்பியா மீன்களிடமும் அது இருப்பதைப் பிற்பாடு வந்த ஆய்வுகள் காட்டின. அந்த மீன்களையே அது நோயில் தள்ளும். தாய்லாந்து, லாவோஸ், வியட்னாம் நோயாளிகளிடமும் இதே வகை காணப்பட்டது. ஆக, இது சிங்கப்பூர்க் கடைக்காரர் ஒருவரின் அசுத்தம் பற்றிய கதை இல்லை. கடையைப் பளபளவென்று வைத்திருந்தாலும், கிருமி மீனுக்குள்ளேயே வந்தால் என்ன செய்வது?

பச்சையாகச் சாப்பிடுவதற்கென்று தயாராகும் கடல் மீன்களைப் பிடிப்பது, குளிரூட்டுவது, கொண்டுவருவது எல்லாவற்றுக்கும் தனி விதிமுறை உண்டு. சோங், தோமான் போன்றவை சமைத்துச் சாப்பிடுவதற்காக வளர்க்கப்படுபவை. அவற்றைச் சமைக்காமல் தட்டில் வைத்ததுதான் பிரச்சினை.

2015 ஜூலையில் அந்த இரு மீன்களையும் பச்சையாக விற்க வேண்டாமென்று கடைகளுக்குச் சொல்லப்பட்டது. டிசம்பரில் தடையே வந்தது. சமைக்காமல் அப்படியே சாப்பிடும் மீன் உணவுகளில் எந்த நன்னீர் மீனையும் பயன்படுத்தக்கூடாது. அந்த ஆண்டு எஸ்டி283 தொற்றியவர்கள் 140க்கும் அதிகம்.

பல ஆண்டுகளாக அந்தத் தட்டையே நம்பிப் பிழைத்தவர்களுக்கு அது பெரிய அடிதான். ஆனாலும் வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை.

<b>எலுமிச்சை பிழிந்தால், ஐஸில் வைத்தால் போதாதா?</b>

போதாது. எலுமிச்சைச் சாறு மீனின் நிறத்தை வெளுக்க வைக்கும், வெந்ததுபோலத் தெரியும். உள்ளே இருக்கும் பாக்டீரியா எல்லாம் அதில் செத்துவிடாது. மிளகாயும் அப்படித்தான். நாக்குக்குத்தான் காரம், கிருமிக்கு அல்ல.

குளிர் பாக்டீரியாவைக் கொல்வதில்லை, தூங்க வைக்கிறது. வெளியே எடுத்து வைத்தால் விழித்துக்கொள்ளும். சில பாக்டீரியா சாதகமான சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒன்று, 7 மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டிவிடும். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை அவற்றுக்கு வசதியான வெப்பநிலை. நம் ஊர் வெயிலும் சமையலறைச் சூடும் அதற்குள்தான் வருகின்றன.

நம்பக்கூடிய ஆயுதம் நெருப்புதான். உள்பகுதி 75 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகும்வரை சமைத்தால் கிருமி சாகும்.

<b>"நாங்கள் பச்சை மீனே சாப்பிடுவதில்லையே!"</b>

நம் வீடுகளில் பலரும் சொல்வது இது. குழம்பில் கொதிக்கும் மீனில் பயமில்லை, உண்மைதான். ஆனால் 2024 ஜூலையில் 18 பேருக்கு எஸ்டி283 தொற்றியபோது வேறொரு விஷயம் கவனத்துக்கு வந்தது. அவர்களில் சிலர் சமைப்பதற்குமுன் பச்சை நன்னீர் மீனைக் கையால் தொட்டவர்கள்.

ஈரச்சந்தைக்கு அம்மாவோடு போயிருக்கிறீர்களா? செவுளைத் தூக்கிப் பார்த்து, வயிற்றை அழுத்திப் பார்த்து வாங்கினால்தான் அம்மாவுக்குத் திருப்தி. விரலில் வெட்டுக்காயம் இருந்தால் அதுவே கிருமிக்கு வாசல். செதிலும் முள்ளும் புதிதாகவும் கீறிவிடலாம்.

எனவே காயத்தை மூடிக்கொண்டு, முடிந்தால் கையுறை போட்டுக்கொண்டு மீனைத் தொடுவது நல்லது. தொட்ட பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். கைப்பேசியை எடுப்பதற்குமுன்! மீன் வெட்டிய பலகையிலேயே வெள்ளரிக்காயை வெட்டக்கூடாது. வெந்த உணவுக்கு ஒன்று, பச்சை மீன், இறைச்சிக்கு ஒன்று என்று இரண்டு பலகை, இரண்டு கத்தி இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீனைக் குழாயடியில் வேகமாகக் கழுவினால் தெறிக்கும் நீர் பக்கத்தில் இருக்கும் தட்டுகள் மேலும் விழும். மெதுவாகக் கழுவிவிட்டு, தொட்டியையும் தேய்த்துவிடுங்கள்.

கர்ப்பிணிகள், சிறுபிள்ளைகள், முதியவர்கள், நீரிழிவு போன்ற நாள்பட்ட நோய் உள்ளவர்கள் கடல் மீனாக இருந்தாலும் பச்சையாகச் சாப்பிடாமல் இருப்பதே நல்லது.

<b>தொற்றிவிட்டால்?</b>

காய்ச்சல், குளிர் நடுக்கம், கடும் தலைவலி, கழுத்து இறுக்கம், மூட்டு வலியும் வீக்கமும், குழப்பமான பேச்சு. இவை இருந்தால் காத்திருக்க வேண்டாம். இந்தக் கிருமி பழைய மருந்தான பென்சிலினுக்கே அடங்கும். ஆனால் சீக்கிரம் கொடுக்க வேண்டும். தாமதமானால் உயிர் பிழைத்தாலும் காது கேளாமை போன்ற பாதிப்பு நிலைத்துவிடலாம்.

ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவுக்கு மட்டும்தான். சளி, ஃபுளூ எல்லாம் வைரஸ். அவற்றுக்கு அதைக் கேட்டு வாங்குவது வீண். தேவையில்லாமல் சாப்பிடும் ஒவ்வொரு முறையும் உடலில் இருக்கும் பாக்டீரியாவுக்கு மருந்தை எதிர்க்கும் பயிற்சி கொடுக்கிறோம். போன வருஷம் மிச்சமான மாத்திரை அலமாரியில் இருந்தால், அதை எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

டாக்டரிடம் போகும்போது, அண்மையில் பச்சை மீன் சாப்பிட்டீர்களா, மீனைத் தொட்டீர்களா என்பதையும் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.