பறையும் ராக் இசையும்: உழைப்பாளர் படைத்த தாளம்

பாகூர் என்றவுடன் கற்றோர் நினைவுக்கு வருவது பாகூர்ச் செப்பேடு. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 9ஆம் நூற்றாண்டில், இவ்வூரில் விளங்கிய 'வித்தியாஸ்தானம்' என்னும் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டன. கொடுத்தவர் பெயரும் பெற்றவர் பெருமையும் செப்பில் நிலைத்து நிற்கின்றன. அவ்வூர்களின் சேற்றில் இறங்கி உழுத மக்களின் பெயர்களை அதில் காண இயலாது. எழுதப்படாதவரின் வரலாறு மறக்கப்படும். மறக்கப்பட்டவரின் படைப்பைப் பிறர் தமதென்று கொள்வர். இதற்கு இசை வரலாற்றிலிருந்து இரு சான்றுகளை நம் இளைஞர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

முதற் சான்று அமெரிக்காவினுடையது. இன்று உலகெங்கும் இளைஞர்கள் கேட்டு மகிழும் ராக் இசைக்கு வேர், 'ராக் அண்ட் ரோல்' என்னும் இசை. அதன் தாய்மடி பருத்திக் காடுகளில் அடிமைப்பட்டுக் கிடந்த கறுப்பின மக்களின் பாட்டு. 1739ஆம் ஆண்டு தென் கரோலினாவில் அடிமைகள் முரசறைந்து ஆள் திரட்டிக் கிளர்ந்தெழுந்தனர். அடுத்த ஆண்டே அடிமைகள் முரசு முழக்குவதைத் தடுத்துச் சட்டம் இயற்றப்பட்டது. முரசைப் பறித்தவர்களால் தாளத்தைப் பறிக்க முடியவில்லை. கைதட்டியும் காலால் தரையை மிதித்தும் அம்மக்கள் அதனைக் காத்தனர். வயலில் பிறந்த புளூஸ் பாடலும், தேவாலயத்தில் பிறந்த பக்திப் பாடலும் அவ்வாறு வளர்ந்தவையே. 1915இல் ஆர்க்கன்சா மாநிலத்தில் பிறந்த சிஸ்டர் ரோசெட்டா தார்ப் என்னும் கறுப்பின அம்மையார், பக்திப் பாடலை மின்கிதாருடன் இணைத்துப் பாடிப் பின்வந்தோர்க்கு வழிகாட்டினார்.

ஆயினும் 1949 வரை அந்நாட்டு வணிக ஏடு, கறுப்பர் இசைத்தட்டுகளை 'இன இசைத்தட்டுகள்' என்று பெயரிட்டுத் தனியே பட்டியலிட்டது. ஊருக்கு வெளியே சேரியை வைத்ததுபோலவே இசைக்கும் ஒரு சேரியை வைத்தனர்! 1946இல் ஆர்தர் குருடப் என்னும் கறுப்பர் தாமே எழுதி இசைத்தட்டில் பாடிய பாடலொன்றை, 1954இல் எல்விஸ் பிரெஸ்லி என்னும் வெள்ளை இளைஞர் தம் முதல் இசைத்தட்டில் பாடினார். பிரெஸ்லி உலகப் புகழ் எய்தினார். குருடப்போ பண்ணைக் கூலி வேலை செய்து பிழைத்து, தமக்குரிய உரிமைத்தொகையை முறையாகப் பெறாமலேயே 1974இல் மறைந்தார். பாடியவர் மீது நமக்குப் பகையில்லை. படைத்தவருக்கு உரியது படைத்தவரைச் சேரவில்லை என்பதே நாம் காணும் அநீதி.

இரண்டாம் சான்று நம் கையிலேயே உள்ளது. அதுவே பறை. தொல்காப்பியம் கருப்பொருள்களுள் ஒன்றாகப் பறையை எண்ணுகிறது. 'பறைதல்' என்றால் சொல்லுதல் என்று பொருள். மரச் சட்டத்தின் மீது மாட்டுத்தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, தீயில் காய்ச்சிப் பதமாக்கி, வலக்கையில் அடிக்குச்சியும் இடக்கையில் சிண்டுக்குச்சியும் கொண்டு முழக்கும் கலை நம் முன்னோர் வளர்த்த கலை. செய்தி சொன்ன கருவியை இழிவின் அடையாளமாக்கியது சாதி. நம் மக்களின் பெயரையே 'விலக்கப்பட்டவன்' என்னும் பொருளில் ஆங்கிலமும் பிரெஞ்சும் எடுத்துக்கொண்டன.

இப்பறை கடலும் கடந்தது. 1848இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிந்தபின், ரெயூனியன் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குப் புதுவை, காரைக்கால் துறைகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் ஏற்றப்பட்டனர். ஆங்கில அரசு 1882இல் அதனை நிறுத்தும் வரை கப்பல்கள் சென்றவண்ணம் இருந்தன. அவ்வாறு சென்றவருள் தாழ்த்தப்பட்ட மக்கள் மிகப் பலர். உடைமை ஏதுமின்றிச் சென்றவர்கள் தப்பை மறக்கவில்லை. இன்றும் அத்தீவில் தீமிதி விழாக்களில் அதே பெயரால் வழங்கும் தப்பு, தீயில் காய்ச்சப்பட்டு முழங்குகிறது. அத்தோட்டங்களில் ஆப்பிரிக்க, மடகாஸ்கர் அடிமைகள் படைத்த 'மலோயா' என்னும் இசை நெடுங்காலம் ஆட்சியாளரால் ஒதுக்கப்பட்டுக் கிடந்தது. 2009இல் யுனெஸ்கோ அதனை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாக ஏற்றது.

நம்மிடையே ஒரு வினா நெடுநாளாக உண்டு. பறையை விடுவதா, எடுப்பதா? பிறர் வீட்டுச் சாவுக்குச் சாதிக் கடமையாகப் பறையடிக்க மாட்டோம் என்று மறுத்து, அதற்காக அடியுண்ட முன்னோரை நாம் வணங்குகிறோம். அம்மறுப்பே நம் தன்மானத்தின் தொடக்கம். ஆனால் அவர்கள் மறுத்தது அடிமை ஊழியத்தை, கலையை அன்று. தார்ப் அம்மையாரும் தம் சபையினரின் கண்டனத்துக்கு ஆளானார். ஆயினும் கிதாரைக் கீழே வைக்கவில்லை. ஏவலுக்கு அடிப்பது வேறு, நம் விருப்பில் முழக்குவது வேறு. 2025இல் மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. கலையைக் கலையாகக் கற்பித்தால் நாடு தலைவணங்கும் என்பதற்கு இதுவே சான்று.

இளைஞர்களே! கறுப்பின மக்கள் தம் இசையின் வரலாற்றைத் தாமே எழுதத் தொடங்கிய பின்னரே உலகம் உண்மையை ஒப்புக்கொண்டது. நம் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாக எழுத்தறிவைப் பரப்பியது, விண்ணப்பம் எழுதவும் வேலை பெறவும் மட்டுமன்று. உங்கள் தெருவில் பறையறிந்த முதியவர் ஒருவரேனும் இருப்பார். அவரிடம் சென்று அமருங்கள். அவர் அறிந்த அடிகளின் பெயர்களைக் கேளுங்கள். யாரிடம் கற்றார், எவ்விழாவில் முழக்கினார், எந்நாளில் ஏன் நிறுத்தினார் என்பவற்றை ஓர் ஏட்டில் எழுதுங்கள். செப்பேடு பொறிக்க மன்னர் வேண்டியிருந்தது. ஏடு எழுத நம் பிள்ளைகள் போதும்.