'கேரளா'வை 'கேரளம்' ஆக்க ஒரு ரீப்ளேஸ் போதுமா? சி மொழியில் எழுதிப் பார்த்தால் புரியும் சிக்கல்

மாநிலத்தின் பெயரை 'கேரளம்' என மாற்றக் கோரி, திருவனந்தபுரத்தில் உள்ள கேரள சட்டப்பேரவை 2023 ஆகஸ்டில் தீர்மானம் நிறைவேற்றியது. மத்திய உள்துறை அமைச்சகம் சொன்ன திருத்தங்களுக்குப் பிறகு, 2024 ஜூனில் மீண்டும் நிறைவேற்றியது. தலைநகரத்துக்கு இது புதிதல்ல. 1991-லேயே 'ட்ரிவாண்ட்ரம்' அதிகாரப்பூர்வமாகத் 'திருவனந்தபுரம்' ஆகிவிட்டது.

பெயர் மாறினால் ஃபைல்களும் மாறணும். வேர்டில் இது ஒரு கிளிக் வேலை. அந்த கிளிக்குக்குப் பின்னால் என்ன நடக்கிறது? சி மொழியில் நாமே எழுதினால் தெளிவாகத் தெரியும்.

சி-யில் ரெடிமேடாக இல்லையா?

பாதிதான் இருக்கிறது. தேடுவதற்கு 'எஸ்டிஆர்எஸ்டிஆர்' என்ற ஃபங்ஷன் உண்டு. தேடும் சொல் முதலில் வரும் இடத்துக்கு அது பாயிண்டர் தரும். சொல் இல்லையென்றால் 'நல்' தரும். ஆனால் மாற்றுவதற்கு ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் ஃபங்ஷன் கிடையாது.

சிக்கல் எங்கே?

இடத்தில். ஆங்கிலத்தில் 'ட்ரிவாண்ட்ரம்' 10 எழுத்து, 'திருவனந்தபுரம்' 18 எழுத்து. பழைய சொல் இருந்த இடத்திலேயே புதியதை எழுதினால், அடுத்த 8 எழுத்துகள் அழிந்துபோகும். ஒதுக்கிய மெமரியின் எல்லையையே தாண்டி எழுதினால், அது பஃபர் ஓவர்ஃப்ளோ. ப்ரோக்ராம் நின்றுபோவது மட்டுமல்ல, ஹேக்கருக்கும் வழி திறக்கும். 1988-ல் பரவிய மோரிஸ் வோர்ம் பயன்படுத்திய ஓட்டைகளில் ஒன்று இந்த வகைதான்.

சரி, எப்படி எழுதுவது?

1. தேடும் சொல் காலியா என்று முதலில் பாருங்கள். காலிச் சொல்லைக் கொடுத்தால், 'இதோ, ஆரம்பத்திலேயே இருக்கு' என்றுதான் எஸ்டிஆர்எஸ்டிஆர் பதில் சொல்லும். லூப் முடியவே முடியாது.

2. முதல் சுற்றில் எதையும் மாற்ற வேண்டாம். சொல் எத்தனை முறை வருகிறது என்று மட்டும் எண்ணுங்கள்.

3. தேவையான இடத்தைக் கணக்கிடுங்கள்: பழைய நீளம், அதோடு ஒவ்வொரு மாற்றத்துக்கும் கூடும் நீளம், கடைசியில் ஸ்ட்ரிங்கை முடிக்கும் சுழிக்கு 1 பைட். 'ட்ரிவாண்ட்ரம்' 100 இடத்தில் இருந்தால், கூடுதலாக 800 பைட் வேணும்.

4. அந்த அளவுக்கு 'மாலாக்' மூலம் புது மெமரி கேளுங்கள். 'நல்' வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

5. இரண்டாம் சுற்றில், பழைய டெக்ஸ்டில் தேடிக்கொண்டே புது இடத்தில் 'மெம்காப்பி'யால் எழுதுங்கள். வேலை முடிந்ததும் அந்த மெமரியை 'ஃப்ரீ' செய்வது ஃபங்ஷனை அழைத்தவரின் பொறுப்பு.

ஐந்தாவது படி ஏன் முக்கியம்?

ஆங்கிலத்தில் 'கேரளம்' என்ற சொல்லுக்குள்ளேயே 'கேரளா' முழுசாக இருக்கிறது. கடைசியில் ஓர் 'எம்' கூடுகிறது, அவ்வளவுதான். மாற்றிய டெக்ஸ்டையே மறுபடி ஆரம்பத்திலிருந்து தேடினால் இரண்டு 'எம்', மூன்று 'எம்' என்று நீண்டுகொண்டே போகும். பழைய டெக்ஸ்டில் மட்டும் தேடினால் இந்தச் சிக்கல் வராது.

ஆனால் அதே ஃபைலில் ப்ரோக்ராமை இரண்டாம் முறை ஓட்டினால்? திரும்பவும் ஓர் 'எம்' ஒட்டிக்கொள்ளும். கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலை பக்கம் உள்ள கேரளபுரமும் 'கேரளம்புரம்' ஆகிவிடும். சொல்லுக்கு முன்னும் பின்னும் எழுத்து இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் விட்டுவிடுவதே இதற்கு வழி.

தமிழ் டெக்ஸ்டில் என்ன ஆகும்?

இங்கேதான் கூடுதல் கவனம் தேவை. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். 'கேரளா' 15 பைட், 'கேரளம்' 18 பைட். 'கேரள' என்று மட்டும் தேடி மாற்றினால், 'கேரளா'வின் துணைக்கால் தனியாகத் தொங்கும்.

அடுத்து, 'கோவளம்'. இதில் உள்ள 'கோ'வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். பைட் பைட்டாக ஒப்பிடும் எஸ்டிஆர்எஸ்டிஆருக்கு அவை வேறு வேறு சொற்கள். எனவே தேடும் முன் டெக்ஸ்டை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். இதற்கு யூனிகோட் நார்மலைசேஷன் என்று பெயர்.

வேற்றுமை உருபு இன்னொரு தலைவலி. 'கேரளாவில்' என்பது 'கேரளம்வில்' ஆகக் கூடாது, 'கேரளத்தில்' ஆகணும். முன்பு சொன்ன சொல் எல்லைச் சோதனை இங்கே உதவாது. 'கேரளாவில்' என்பதையே அது தாண்டிப் போய்விடும். 'கேரளாவில்', 'கேரளாவின்', 'கேரளாவுக்கு' எனத் தனித்தனி ஜோடிகளாகப் பட்டியல் போட்டு, நீளமான சொல்லிலிருந்து தொடங்குவதே பாதுகாப்பு.

எதை மாற்றக் கூடாது?

பழைய அரசாணைகளின் தலைப்பு, நேரடி மேற்கோள், இணையதள முகவரி. கேரள அரசின் இணைய முகவரியிலேயே மாநிலத்தின் பெயர் இருக்கிறது. அதை மாற்றினால் லிங்க் வேலை செய்யாது. திருவனந்தபுரம் விமான நிலையத்தின் குறியீடு இன்றும் பழைய பெயரை ஒட்டிய 'டிஆர்வி'தான். அதனால் அசல் ஃபைலைத் தொடாமல் புது ஃபைலில் எழுதுங்கள். எத்தனை இடத்தில், எந்தெந்த வரியில் மாறியது என்ற பட்டியலையும் ப்ரோக்ராமே தரட்டும். அதை ஒருவர் உட்கார்ந்து படித்த பிறகே பழைய ஃபைலுக்குப் பதிலாகப் புதியதை வையுங்கள்.