கூரையடியில் ஓடும் தீ: அமெரிக்கக் கட்டடங்களின் நடைக்கூடங்கள், 1946–1978

1946 டிசம்பர் 7 அதிகாலையில் அட்லாண்டாவின் வைன்காஃப் ஓட்டலில் 119 பேர் மாண்டனர். 1913இல் திறக்கப்பட்ட அந்த 15 மாடிக் கட்டடத்துக்குத் ‘தீப்பிடிக்காதது’ என்று விளம்பரம் இருந்தது. அது முழுப் பொய்யுமல்ல. எஃகுச் சட்டகம் சரியவில்லை, கட்டடம் இன்றும் நிற்கிறது. ஆனால் இருந்த ஒரே படிக்கட்டு, தடுக்கும் கதவு எதுவுமின்றி ஒவ்வொரு மாடி நடைக்கூடத்திலும் திறந்தது. அறைக்கதவுகளின் தலைக்கு மேல் காற்றுக்காக வைத்த சிறு சன்னல்கள் புகையை உள்ளே விட்டன.

அறைக்குள் எழும் சூடான வாயு கூரையை முட்டி எல்லாப் பக்கமும் விரியும். நடைக்கூடத்திலோ அதற்கு இரண்டே திசைகள். அதனால் வெப்பம் அதிகம் தணியாமல் நெடுந்தூரம் ஓடுகிறது. எரிந்து முடியாத வாயுக்கள் வழியில் காற்றோடு கலந்து கூரையடியிலேயே பற்றிக்கொள்கின்றன.

கூரையின் பங்கை முதலில் அளவுகோலாக்கியவர் அண்டர்ரைட்டர்ஸ் லேபரட்டரீஸின் ஆல்பர்ட் ஸ்டைனர். 1940களில் அவர் உருவாக்கிய 25 அடிச் சுரங்கத்தில், சோதிக்கும் பொருளையே மேற்கூரையாகப் பொருத்தி ஒரு முனையில் தீயிட்டார்கள். தீ பரவலுக்கான அளவுகோலில் சிவப்பு ஓக் பலகைக்கு 100, கல்நார் சிமெண்ட் பலகைக்கு 0. நல்ல ஏற்பாடுதான், ஆனால் அது பொருளை அளந்ததேயன்றி, கதவு எங்கே இருக்கிறது என்று கேட்கவில்லை.

அந்தக் கேள்வியைச் சிகாகோ எழுப்பியது. 1958 டிசம்பர் 1 அன்று ‘அவர் லேடி ஆஃப் தி ஏஞ்சல்ஸ்’ பள்ளியில், அடித்தளப் படிக்கட்டின் அருகே தீ தொடங்கியது. கீழ்த்தளத்தில் மூடியிருந்த தடுப்புக்கதவு அதை நிறுத்தியது. மேல்தளத்தில் கதவே இல்லை. புகை நடைக்கூடத்தை நிறைத்து, வகுப்பறைகளின் ஒரே வெளிவழியை அடைத்தது. 92 மாணவர்களும் 3 கன்னியாஸ்திரிகளும் இறந்தனர். ஒரே பள்ளியில், ஒரே தீயில், கதவிருந்த தளமும் இல்லாத தளமும் அடுத்தடுத்து அமைந்தன; இதைவிடத் தெளிவான சோதனையை எந்த ஆய்வகமும் செய்ததில்லை. பழைய கட்டடம் என்பதால் 1949ஆம் ஆண்டு நகர விதிகள் அதற்குப் பொருந்தவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குறை அறியாமையில் மட்டும் இல்லை.

மறு ஆண்டே லாஸ் ஏஞ்சலிஸ் தீயணைப்புத் துறையினர் கைவிடப்பட்ட பள்ளி ஒன்றில் தீ வைத்துப் பார்த்தனர். வெப்பம் உயிருக்கு ஆபத்தாவதற்கு முன்பே புகை வழியை மூடிவிடும் என்பது அதில் உறுதியானது. 1961இல் ஹார்ட்ஃபோர்டு மருத்துவமனையில், குப்பை இறக்கும் குழாயிலிருந்து ஒன்பதாம் மாடியில் பீறிட்ட தீ கூரை ஓடுகளைப் பற்றி ஓடி 16 பேரைக் கொன்றது. கதவை மூடியிருந்த அறைகளில் நோயாளிகள் பிழைத்தனர்.

பிறகு பார்வை தரைக்கு இறங்கியது. 1970 ஜனவரியில் ஒஹாயோவின் மேரியட்டாவில் முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் 30க்கும் மேற்பட்டோர் இறக்க, நடைக்கூடத்தின் ரப்பர் அடிப்பாகம் கொண்ட தரைவிரிப்பு முக்கியக் காரணமாயிற்று. சிறு மாத்திரையைக் கொளுத்திப் பார்க்கும் சோதனையில் தேறிய விரிப்புகூட, கூரையடித் தழலின் கதிர்வீச்சு மேலிருந்து சுட்டால் எரியும். இதனால்தான் 1978இல் வெளியான தரைச் சோதனை முறை, சாய்ந்த வெப்பத்தகட்டின் கீழ் விரிப்பை வைக்கிறது. முதல் வகுப்பில் சேர, விரிப்பு சதுர சென்டிமீட்டருக்கு 0.45 வாட் வரை தீ பரவாமல் தாங்கவேண்டும்.

கதவுக்கு மட்டும் அளவுகோல் போதவில்லை. தானே மூடும் கதவையும் மனிதர் ஆப்பு செருகித் திறந்தே வைப்பார்கள். அவர்களைத் திருத்த முயல்வதைவிட, கதவைத் திறந்தே பிடித்திருந்து புகையுணர்வி தூண்டியதும் விட்டுவிடும் மின்காந்தம் நல்ல விடை.